வன்னி ஊர்ப்பெயரை வரைபடத்தில் எந்த மொழியில் போடுவது?

முள்ளியவளைப் பக்கம் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் எங்கள் பக்கத்துக் குளங்கள், ஊர்கள், சந்திகளுக்குப் பெயர் சேர்த்து வருகிறேன். எல்லோருக்கும் விளங்கட்டும் என்று தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் ஒரே கட்டத்தில் சாய்கோடு போட்டு எழுதினேன். யாரோ ஆங்கிலத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்துவிட்டார். திரும்பப் போட்டேன், திரும்பவும் அழித்துவிட்டார். என்ன செய்யலாம்? ஆங்கில எழுத்துக்கூட்டலும் பலகைக்குப் பலகை மாறுகிறது. எதை எடுப்பது?"

முதல் வேலையாக, மாறி மாறித் திருத்துவதை நிறுத்துங்கள். அந்த ஒரு கட்டத்துக்காக இவ்வளவு மல்லுக்கட்டத் தேவையில்லை. பெயர்க் கட்டத்தின் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி இருக்கும். அதை அழுத்தினால் மொழி வாரியாகத் தனித்தனிக் கட்டம் திறக்கும். தமிழுக்குக் குறியீடு ரி-ஏ, சிங்களத்துக்கு எஸ்-ஐ, ஆங்கிலத்துக்கு ஈ-என். மூன்றையும் அங்கே பிரித்துப் போடுங்கள். அந்தத் தளத்தின் வழமையான வரைபடம் மொழி குறிக்காத அந்த முதல் பெயர்க் கட்டத்தை, அதாவது பொதுக் கட்டத்தை மட்டுமே காட்டும் என்பதால் தமிழ் காணாமல் போனது போல இருக்கும். ஆனால் தரவில் அது பத்திரமாக இருக்கும். இதே தரவைக் கைப்பேசியில் காட்டும் ஓஸ்ம்அண்ட் செயலியில் வரைபட மொழியைத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள், நீங்கள் எழுதியது வரும்.

பொதுக் கட்டத்துக்கு விதி, அந்த இடத்தில் நடைமுறையில் உள்ள பெயர் என்பதுதான். தமிழிலேயே பேசி எழுதும் வன்னிக் கிராமத்துக்கு அங்கேயும் தமிழ் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இருந்தாலும் இலங்கையில் வரைபடம் செய்யும் மற்றவர்களோடு பேசி முடிவெடுங்கள். அழித்தவரின் மாற்றத்தின் கீழேயே கருத்து எழுத இடம் உண்டு. மரியாதையாகக் கேளுங்கள், பலகையின் படம் இருந்தால் காட்டுங்கள்.

ஆனையிறவை எடுங்கள். தமிழ்க் கட்டத்தில் ஆனையிறவு, சிங்களக் கட்டத்தில் அலிமங்கட, ஆங்கிலக் கட்டத்தில் எலிஃபன்ட் பாஸ். தமிழ் உச்சரிப்பை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதி அங்கே வைக்கக் கூடாது. அந்தந்த மொழிக்காரர் வழங்கும் பெயர்தான் அந்தந்தக் கட்டத்துக்கு உரியது. முல்லைத்தீவைச் சிங்களத்தில் முலதிவ் என்பார்கள், மன்னாரை மன்னாரம என்பார்கள், அதுவும் அப்படியே போக வேண்டும். ஆனால் உங்கள் ஊர்ச் சின்னக் குளத்துக்குச் சிங்களப் பெயர் வழக்கில் இல்லையென்றால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். நீங்களாக மொழிபெயர்த்தால், நாளைக்கு அது உண்மைப் பெயராகவே பரவிவிடும்.

மணலாறு, வெலிஓயா என்று இரண்டு பெயர் வழங்கும் இடத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். வெலிஓயா என்பது பிரதேச செயலகப் பிரிவின் பெயர். அந்தப் பிரிவின் எல்லையும், சனங்கள் மணலாறு என்று சொல்லும் இடமும் வரைபடத்தில் வேறு வேறு பதிவுகள். எல்லைக்கு அரச பெயரைக் கொடுங்கள், இடத்துக்கு அங்குள்ள சனங்கள் சொல்லும் பெயரைக் கொடுங்கள். வழக்கொழிந்த பெயருக்குப் 'பழைய பெயர்' என்று தனிக் கட்டம் உண்டு. 2009க்குப் பிறகு மீள்குடியேறிய இடங்களில் வீட்டுத்திட்டத்தின் பெயரே ஊர்ப்பெயராக ஒட்டிக்கொண்டிருந்தால், முன்பிருந்த பெயரை இதில் கட்டாயம் எழுதுங்கள். அந்தப் பெயர் தெரிந்தவர்கள் வயது போனவர்கள். அவர்களிடம் இப்போதே கேட்காவிட்டால் பிறகு கேட்க ஆளிருக்காது.

எழுத்துக்கூட்டலுக்கு வருவோம். ஒட்டுசுட்டானுக்கு ஆங்கிலத்தில் டி-யும் போடுகிறார்கள், ரி-யும் போடுகிறார்கள். நெடுங்கேணிக்கு நடுவில் ஆர் போட்டு எழுதுவதும் உண்டு. றோட்டுப் பலகையில் உள்ளதை ஆங்கிலக் கட்டத்தில் வையுங்கள். மற்றவற்றை 'மாற்றுப் பெயர்' கட்டத்தில் அரைப்புள்ளி போட்டுப் பிரித்து எழுதுங்கள். தேடுபவர் எப்படி எழுதினாலும் ஊர் கிடைக்கும்.

இன்னொன்று. அலுவலகக் கோப்புகளில் பல இன்னும் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில்தான் இருக்கின்றன. அதில் இருந்து பெயரை வெட்டி ஒட்டினால் வரைபடத்தில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை கண்ணால் வாசித்துப் பார்த்த பிறகே சேமியுங்கள். கூகுள் மேப்பைப் பார்த்து எழுதவே கூடாது. உரிமம் அதற்கு இடம் கொடுக்காது, சேர்த்தது முழுவதையும் நீக்கிவிடுவார்கள்.

இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற பெரிய குளங்களை யாராவது பார்த்துக்கொள்வார்கள். உங்கள் உழைப்பு சின்னக் குளங்களுக்கும் ஒழுங்கைகளுக்கும் போகட்டும். சின்னக் குளங்கள் கமநல சேவை நிலையத்தின் பொறுப்பில் வருபவை. அங்கே விசாரித்துவிட்டு, அதே பெயரைத்தான் ஊரிலும் சொல்கிறார்களா என்று கமக்காரர் அமைப்பில் கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஊரில் சொல்லும் பெயரைத் தமிழ்க் கட்டத்திலும், மற்றதை மாற்றுப் பெயரிலும் போட்டு, யாரிடம் கேட்டீர்கள் என்பதைச் சேமிக்கும்போது எழுதும் மாற்றக் குறிப்பில் ஒரு வரி எழுதிவிடுங்கள். ஆளின் பெயர் வேண்டாம், 'ஊர்க் கமக்காரர்' என்றால் போதும்.