தொடர்ந்து ஜெயித்துவந்த அணி ஒரே வருடத்தில் சரிந்த கதை ஏதாவது உண்டா?

உண்டு. வீரர்களுக்குக் காயம், கோச் விலகல் என்று வழக்கமாகச் சொல்லும் காரணம் எதுவும் இதில் இல்லை. கேள்வித்தாள் அவுட் ஆனதுதான் காரணம்.

நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமி இருக்கிறது. அதன் அமெரிக்கன் ஃபுட்பால் அணியை 'ஆர்மி' என்பார்கள். (ஃபுட்பால் என்றதும் மெஸ்ஸி நினைவுக்கு வந்தால் மறந்துவிடுங்கள். இது பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். வேலை விஷயமாக அங்கே இரண்டு வருடம் இருந்தபோது எனக்கும் தொற்றிக்கொண்டது.) 1944 முதல் 1950 வரை ஏழு சீசன்களில் ஆர்மி 57 ஆட்டங்களில் ஜெயித்தது, 4 டிரா, தோற்றது மூன்றே மூன்று. கல்லூரி ஃபுட்பாலின் மிகப் பெரிய விருதான ஹைஸ்மன் கோப்பையை 1945-ல் டாக் பிளான்சார்டும் 1946-ல் கிளென் டேவிஸும் வாங்கினார்கள். இருவரும் ஆர்மிக்காரர்கள். கோச் ரெட் பிளைக்.

1951-ல் அதே கோச், அதே அகாடமி. 2 வெற்றி, 7 தோல்வி.

நடந்தது இதுதான். கேடட்கள் இரண்டு ரெஜிமென்ட்டாகப் பிரிந்திருந்தார்கள். ஒரு ரெஜிமென்ட் இன்று எழுதும் தேர்வை இன்னொன்று நாளை எழுதும், அதே கேள்விகளோடு. பயிற்சியிலேயே பாதி நேரம் போய்விடும் ஃபுட்பால் பையன்கள், முதலில் எழுதியவர்களிடம் கேள்விகளைக் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். மெல்ல மெல்ல அது ஒரு ஏற்பாடாகவே ஆகிவிட்டது.

படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. எங்கள் கல்லூரியில் லேப் தேர்வு காலை பேட்ச், மதிய பேட்ச் என்று நடக்கும். காலையில் போனவன் மெஸ்ஸுக்கு வந்ததும் வைவாவில் என்ன கேட்டார்கள் என்று ஒப்பிப்பான், நாங்கள் சாம்பார் சாதத்தோடு சேர்த்து விழுங்குவோம். அதைக் காப்பி என்று யாரும் நினைத்ததே இல்லை. ஹெல்ப் பண்ணுகிறான், அவ்வளவுதான்.

வெஸ்ட் பாயிண்ட்டில் அந்தச் சமாதானம் எடுபடாது. பொய் சொல்லக் கூடாது, ஏமாற்றக் கூடாது, திருடக் கூடாது. இதில் ஒன்றை ஒருவன் செய்தது தெரிந்தும் வாய்மூடி இருந்தால் அதுவும் குற்றம். சில கேடட்கள் போய்ச் சொல்லிவிட, விசாரணை வந்தது. கூப்பிட்டுக் கேட்டதும் பலர் ஒப்புக்கொண்டார்கள். 1951 ஆகஸ்ட் 3-ம் தேதி, சுமார் 90 கேடட்கள் வெளியேற்றப்படுவார்கள் என்று அறிவிப்பு. அதில் 37 பேர் ஃபுட்பால் ஆட்டக்காரர்கள். கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்த நேரம், நாடே இதைப் பற்றித்தான் பேசியது.

வெளியேறியவர்களில் ஒருவர் அணியின் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்துகிற முக்கிய ஆட்டக்காரர்) பாப் பிளைக். கோச்சின் மகன்.

பையன்கள் கெட்டவர்கள் இல்லை என்று கடைசி வரை வாதாடிய ரெட் பிளைக், ராஜினாமா செய்துவிடலாம் என்று நினைத்தார். அதற்கு முன், இரண்டாம் உலகப் போரில் பெயர்பெற்ற அமெரிக்கத் தளபதி ஜெனரல் மக்ஆர்தரைப் போய்ப் பார்த்தார். அடி விழுகிற நேரத்தில் ஓடாதே என்பதுபோல் அவர் சொல்ல, பிளைக் தங்கிவிட்டார். இதில் ஒரு வேடிக்கை: கேடட்களின் நேர்மையை விசாரிக்கும் குழுவுக்கு 1922-ல் அதிகாரபூர்வ வடிவம் கொடுத்ததே, அப்போது அகாடமியின் தலைவராக இருந்த இதே மக்ஆர்தர்தான்.

சரி, சீசனுக்கு வருவோம். ஆகஸ்டில் அணி கலைகிறது, செப்டம்பரில் ஆட்டம். அனுபவமில்லாத பையன்களைச் சேர்த்துப் புதிதாக ஒரு அணி கட்டினார்கள். வில்லனோவா, நார்த்வெஸ்டர்ன், டார்ட்மத் என்று முதல் மூன்றும் தோல்வி. நான்காவதாக ஹார்வர்டிடம் 22-21. ஒரே ஒரு பாயிண்ட்! கொலம்பியாவை 14-9 என்று எப்படியோ ஜெயித்தார்கள், பிறகு சிட்டடெல்லை. பென்சில்வேனியாவிடம் மறுபடியும் ஒரு பாயிண்ட்டில் போனது, 7-6. கடைசியில் பரம வைரியான நேவியிடம் (கடற்படை அகாடமியின் அணி) 42-7. உதவி கோச்சாக நின்று இத்தனையையும் பார்த்தவர்களில் வின்ஸ் லொம்பார்டியும் ஒருவர். இன்று அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பாலின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலின் கோப்பைக்கு அவர் பெயர்தான்.

விளையாட்டு வரலாற்றில் இந்தச் சீசனை அவமானம் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவமானத்தைத் தேடிக்கொண்டவர்கள் ஆகஸ்டிலேயே போய்விட்டார்கள். சனிக்கிழமை தோறும் மைதானத்தில் இறங்கி அடி வாங்கியவர்கள் மிஞ்சியவர்கள். அந்த இரண்டு ஒரு பாயிண்ட் தோல்விகளையும் பாருங்கள், கையை விரித்துவிட்ட அணி அவ்வளவு நெருக்கத்தில் தோற்காது.

1951-ல் இரண்டாமாண்டில் இருந்தவர்கள் 1953-ல் கடைசி ஆண்டுக்கு வந்தார்கள். அந்த வருடம் நியூயார்க்கில் பலமான டியூக் அணியோடு ஆட்டம். ஆர்மி 14-13 என்று முன்னால் இருக்கும்போது டியூக் ஆள் ஒருவன் பந்தோடு தப்பி ஓடினான், எதிரே தடுக்க யாரும் இல்லை. ரொம்பப் பின்னால் இருந்த ஆர்மியின் பாப் மிஷாக் விடாமல் துரத்திக்கொண்டுபோய், கோல் கோட்டுக்குச் சில யார்டுக்கு முன்னால் அவனைச் சாய்த்தார். ஸ்கோர் 14-13-லேயே நின்றது. அந்த சீசனில் 7 வெற்றி, 1 தோல்வி, 1 டிரா. நேவியையும் 20-7 என்று அடித்தார்கள்.