வாடகை ஃப்ளாட்டில் ஆர்க்கிட்: மார்ச் மாத வறண்ட காற்றை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: பெங்களூரில் ஏழாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். ஹாலில் கிழக்கு ஜன்னல் ஓரமாக இரண்டு ஃபலனாப்சிஸ் ஆர்க்கிடும் ஒரு டென்ட்ரோபியம் ஆர்க்கிடும் வைத்திருக்கிறேன். பிப்ரவரியிலிருந்து ஃபலனாப்சிஸ் இலைகள் தொய்ந்து சுருங்குகின்றன, மொட்டுகள் மஞ்சளாகி உதிர்கின்றன. மீட்டர் வாங்கி வைத்தேன். மதியம் ஈரப்பதம் 28 சதவீதம் காட்டுகிறது. தினமும் இரண்டு வேளை ஸ்ப்ரே அடிக்கிறேன், கூழாங்கல் தட்டில் தண்ணீரும் வைத்துவிட்டேன். ஒன்றும் மாறவில்லை. ஹியூமிடிஃபையர் (காற்றில் ஈரம் சேர்க்கும் கருவி) வாங்கலாமா? சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, ஈரம் ஏறி பெயின்ட் கெடக்கூடாது என்று ஓனர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

பதில்: வாங்கலாம், ஆனால் இப்போதே வேண்டாம். அதற்கு முன் ஃபலனாப்சிஸைத் தொட்டியிலிருந்து மெதுவாக உருவி வேரைப் பாருங்கள். இலை சுருங்கியதும் எல்லோரும் காற்றைத்தான் குறை சொல்கிறார்கள். என்னிடம் வரும் சுருங்கிய செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் அழுகியிருக்கும். வேர் இல்லாத செடியைச் சுற்றி எவ்வளவு ஈரம் இருந்தாலும் அது தண்ணீர் குடிக்காது.

கடைகளில் பூவோடு விற்கும் ஃபலனாப்சிஸ்களில் பலவற்றுக்கு நடுவில் ஸ்பேக்னம் பாசியை (தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் காய்ந்த பாசி) இறுக்கமாகத் திணித்திருப்பார்கள். மேலே தொட்டால் காய்ந்திருக்கும். உள்ளே மாதக்கணக்கில் ஈரம் போகாது. விரலால் அழுத்தும்போது கெட்டியாக, வெள்ளி நிறமாகவோ பச்சையாகவோ இருந்தால் நல்ல வேர். பழுப்பாகி, தோல் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சியிருந்தால் செத்த வேர், வெட்டிவிடுங்கள். பாசிக் கட்டியையும் எடுத்துவிட்டு, பெரிய மரப்பட்டைத் துண்டுகளோ நன்றாக ஊறவைத்து அலசிய தேங்காய் மட்டைத் துண்டுகளோ போட்டு நடுங்கள். மட்டையில் உப்பு இருக்கும். அதனால் ஊறவைத்த தண்ணீரை இரண்டு மூன்று தடவை மாற்றுவது அவசியம்.

டென்ட்ரோபியத்தின் கதை நேர்மாறு. நம் ஊர் நர்சரிகளில் அதைக் கரித்துண்டும் ஓட்டுத்துண்டும் போட்டுத்தான் தருவார்கள். நர்சரியின் நிழல்வலைக்கடியில் தினமும் தண்ணீர் அடிக்கும் இடத்துக்கு அது சரி. ஏழாவது மாடி ஜன்னலில், மார்ச் மாதத்தில், காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் போய்விடும். கரிக்கு நடுவே மட்டைத் துண்டுகளைக் கலந்துவிடுங்கள், அல்லது மேலே ஒரு கைப்பிடி பாசியைத் தளர்வாகப் பரப்புங்கள். ஹியூமிடிஃபையர் செய்வதாகச் சொல்லும் வேலையில் பாதி இதிலேயே முடிந்துவிடும்.

சரி, வேர் நன்றாகத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது காற்றுக்கு வருவோம்.

28 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மீட்டர் காட்டுவது, அந்த வெப்பநிலையில் காற்று எவ்வளவு நீராவியைத் தாங்குமோ அதில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதை மட்டும்தான். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். அதனால் மதியம் 31 டிகிரியில் 28 சதவீதம் காட்டும் அதே காற்று, இரவில் 23 டிகிரிக்குக் குளிர்ந்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் சேராமலேயே 45 சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். இது ஃபலனாப்சிஸுக்கு மிகவும் வசதி. பெரும்பாலான செடிகளைப் போல அது பகலில் இலைத்துளைகளைத் திறப்பதில்லை. இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமித்துக்கொள்ளும், பகலில் மூடிக்கொண்டு அதைப் பயன்படுத்தும். கள்ளிச்செடிகள் செய்யும் அதே ஏற்பாடு. ஆகவே செடி இலை வழியாகத் தண்ணீரை இழப்பது பெரும்பாலும் ராத்திரியில்தான். அந்த நேர ஈரப்பதம் 45, 50 என்று இருந்து வேரும் நலமாக இருந்தால், வீட்டு ஃபலனாப்சிஸ் சமாளித்துக்கொள்ளும்.

இதிலிருந்து செலவே இல்லாத ஒரு வழி கிடைக்கிறது. பகல் பதினொரு மணிக்கெல்லாம் ஜன்னலை மூடித் திரையை இழுத்துவிடுங்கள். ராத்திரி திறந்து வையுங்கள், கொசுவலை இருந்தால். பெங்களூரில் மார்ச் மாதத்திலும் விடியற்காலைக் காற்று மதியக் காற்றைவிட எவ்வளவோ ஈரமாக இருக்கும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வெயில் நேரத்தில் காற்றோட்டம் வேண்டுமென்று திறந்துவிட்டு, இரவில் பயந்து மூடிவிடுகிறார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே செடி இருந்தால் அதையும் நகர்த்துங்கள். காற்று அசைய வேண்டும், ஆனால் இலைமேல் நேராக அடிக்கக்கூடாது.

ஸ்ப்ரேயும் தட்டும் ஏன் பலன் தரவில்லை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் உள்ளே சுமார் 34 கன மீட்டர் காற்று. 30 டிகிரியில் அதை 30 சதவீதத்திலிருந்து 55 சதவீதத்துக்கு ஏற்ற, ஏறக்குறைய கால் லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும். அதுவும் ஒரே ஒரு தடவைக்கு. கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாக உள்காற்று மாறிக்கொண்டே இருப்பதால், ஓரிரு மணி நேரத்தில் மறுபடி கால் லிட்டர். உங்கள் ஸ்ப்ரே பாட்டில் ஒரு வேளைக்கு 20, 30 மில்லி போட்டால் அதிகம். அந்த ஈரம் சில நிமிடங்களில் போய்விடும். கூழாங்கல் தட்டோ ஒரு நாள் முழுக்க வைத்தாலும் சுமார் அரை லிட்டர்தான் ஆவியாகும். சமையலறையோடு சேர்ந்த திறந்த ஹாலில் இதெல்லாம் ஓட்டைக் குடத்தில் ஊற்றுவதுதான்.

ஸ்ப்ரேயால் பலனில்லை என்பது மட்டுமல்ல, ஆபத்தும் உண்டு. காட்டில் ஃபலனாப்சிஸ் மரத்தண்டில் பக்கவாட்டில் சாய்ந்து தொங்கும். மழை பெய்தால் தண்ணீர் வடிந்துவிடும். தொட்டியில் நிமிர்த்தி நடுவதால் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்குகிறது. சாயங்காலம் ஸ்ப்ரே அடித்து இரவு முழுக்கத் தேங்கினால் குருத்து அழுகும். ஃபலனாப்சிஸுக்கு வளர்முனை அது ஒன்றுதான், அது போனால் பெரும்பாலும் செடியே போன மாதிரி. அடித்தே தீரவேண்டும் என்றால் காலையில் வேர்மேல் மட்டும் அடியுங்கள். குருத்தில் விழுந்ததை டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

மூன்று செடிக்காக வீடு முழுவதையும் ஈரமாக்க வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். வாடகை வீட்டில் அது வம்பும்கூட. ஈரப்பதம் தொடர்ந்து 70 சதவீதத்துக்கு மேல் நின்றால் அலமாரிக்குப் பின்னாலும் சுவர் மூலையிலும் கருப்புப் பூஞ்சை வரும். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது பெங்களூரில் எப்படியும் உண்டு. பூஞ்சையைக் காட்டி இன்னும் பிடிப்பதற்கு நாமே வழி செய்து தர வேண்டாம்.

செடிகளைச் சுற்றி மட்டும் ஒரு சின்ன அறை கட்டுங்கள். அலங்கார மீன் கடைகளில் பழைய இரண்டடி, மூன்றடிக் கண்ணாடித் தொட்டி மலிவாகக் கிடைக்கும். கீறல் விழுந்ததோ லேசாகக் கசிவதோ நமக்குப் பரவாயில்லை. இல்லையென்றால் நாலு தட்டு ஸ்டாண்டும் ஒளி புகும் பிளாஸ்டிக் உறையும் சேர்ந்து ஆன்லைனில் வருகிறது. அதற்கு ஆணி தேவையில்லை, காலி செய்யும்போது மடித்துக் கொண்டுபோகலாம். அடியில் ஒரு தட்டில் சுட்ட களிமண் உருண்டைகளைப் பரப்பி ஈரமாக வையுங்கள். செடித்தொட்டியின் அடி தண்ணீரில் படக்கூடாது. ஹாலில் கைவிட்ட அதே தட்டு இங்கே வேலை செய்யும். காற்றின் அளவு ஒரு கன மீட்டர்கூட இல்லை, தப்பிப்போகும் வழியும் குறைவு. 60 சதவீதத்தைத் தொடுவது சுலபம்.

இரண்டே நிபந்தனைகள். முழுக்க மூடாதீர்கள், மேலே கையளவு திறப்பு வேண்டும், உள்ளே யூ.எஸ்.பி.யில் ஓடும் சின்ன விசிறி ஒன்று மெல்லச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஈரமான காற்று அசையாமல் நின்றால் பூவிதழில் புள்ளி விழும், இலையில் அழுகல் வரும். அப்புறம், நேர் வெயில் அதன்மேல் விழவே கூடாது. கிழக்கு ஜன்னலின் எட்டு மணி வெயில்கூட மூடிய கண்ணாடிக்குள் செடியை வேகவைத்துவிடும். வெள்ளை மெல்லிய திரை போதும்.

தட்டுத் தண்ணீரில் கொசு வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இப்படிப்பட்ட நல்ல தண்ணீர்தான் பிடிக்கும், முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். வாரம் ஒருமுறை கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், எனவே தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்துத் திரும்ப வையுங்கள்.

இதற்கும் மேல் ஈரம் வேண்டுமென்றால், ஹியூமிடிஃபையருக்கு முன் துணி காயப்போடும் ஸ்டாண்டைப் பாருங்கள். மெஷினிலிருந்து எடுத்த ஒரு முழுச் சுமைத் துணியில் இரண்டு லிட்டரை ஒட்டித் தண்ணீர் இருக்கும். பால்கனியில் காயப்போடுவதை மார்ச், ஏப்ரலில் மட்டும் ராத்திரி ஹாலில் காயப்போட்டால் அந்த இரண்டு லிட்டரும் உங்கள் அறைக்குத்தான். ஏர் கூலர் வைத்திருந்தால் அதுவும் நல்லதுதான், வறண்ட காற்றில் அது குளிர்ச்சியோடு ஈரத்தையும் சேர்க்கும். ஏ.சி. இதற்கு நேர் எதிரி, காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிழிந்து வெளியே விட்டுவிடும்.

இத்தனைக்குப் பிறகும் ஹியூமிடிஃபையர் வேண்டுமென்றால், மேஜைமேல் வைக்கும் சின்ன பாட்டில் மாடலை வாங்காதீர்கள், மணிக்கு 30, 40 மில்லியில் ஹாலுக்கு ஒன்றும் ஆகாது. மணிக்கு 200 மில்லிக்கு மேல் தரும், குறித்த அளவில் தானே நிற்கும் மாடலாகப் பாருங்கள். 55 சதவீதத்தில் வைத்து, சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளி வையுங்கள். பெங்களூர் போர்வெல், டேங்கர் தண்ணீரை அதில் ஊற்றினால் டி.வி. முதல் இலைவரை வெள்ளைப் பொடி படியும், ஆர்.ஓ. தண்ணீர்தான் சரி. ஆர்.ஓ.வின் கழிவுக் குழாயில் வரும் தண்ணீர் உப்பு செறிந்தது, அது இதற்கும் வேண்டாம், செடிக்கும் வேண்டாம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தட்டில் ஊற்றலாம். ஹியூமிடிஃபையரில் ஊற்றாதீர்கள், அதிலுள்ள கிருமிகளை நீங்களே மூச்சில் இழுப்பீர்கள்.

உங்கள் மீட்டரையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். மலிவான மீட்டர்கள் ஐந்து, பத்து சதவீதம் தவறுவது சகஜம். ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டுக் குழையும் அளவு மட்டும் தண்ணீர் விட்டு, மீட்டரோடு ஒரு காற்றுப்புகாத டப்பாவில் மூடி இரவு முழுக்க வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் உங்கள் மீட்டர் ஏழு குறைத்துச் சொல்கிறது என்று அர்த்தம்.

மொட்டு உதிர்வதற்கு வறண்ட காற்று ஒரு காரணம். செடியை அடிக்கடி இடம் மாற்றுவதும் வேர் கெட்டிருப்பதும் மற்ற காரணங்கள். பலருக்குத் தெரியாத இன்னொன்று பழக்கூடை. பழுக்கும் வாழைப்பழமும் மாம்பழமும் எத்திலீன் வாயுவை விடும், அது மொட்டை மஞ்சளாக்கி உதிர்க்கும். சாப்பாட்டு மேஜை பக்கத்திலேயே இருந்தால் பழக்கூடையைச் சமையலறைக்கு மாற்றுங்கள். உதிர்ந்த மொட்டு திரும்பாது, ஆனால் பூத்தண்டு பச்சையாக இருந்தால் அதன் கணுவிலிருந்து மறுபடி பூக்கலாம். வேர் நன்றாக இருந்தால் தண்டை விட்டுவையுங்கள். வேர் பாதிக்குமேல் அழுகியிருந்தால் மனசு கேட்காவிட்டாலும் தண்டை வெட்டிவிடுங்கள், செடி தன் சக்தியைப் புது வேர் விடச் செலவழிக்கட்டும்.

ஜூனில் மழைக்காற்று வந்ததும் கதை மாறிவிடும். அப்போது மீட்டர் தானாகவே 70ஐத் தாண்டும். பிளாஸ்டிக் உறையைக் கழற்றி வைத்துவிட்டு, ஈரத்தட்டையும் காயவிட்டு, விசிறியை மட்டும் ஓடவிடுங்கள்.