வட ஆர்க்காட்டுச் சிறுதொழில்களுக்கு அரசு உதவி: கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். தொழில் தொடங்க விண்ணப்பிப்பவர்களுக்குப் பல ஆண்டுகளாக வழிகாட்டி வருகிறேன். மானியம் எத்தனை சதவீதம் என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். அது எந்தக் கட்டத்தில், எந்தக் கணக்கில், எந்த நிபந்தனையோடு வந்து சேரும் என்பதைச் சிலரே விசாரிக்கிறார்கள். பெரும்பாலான திட்டங்களில் மானியம் வங்கிக் கடனோடு இணைந்தது. வங்கி கடன் தர மறுத்தால் மானியமும் கிடையாது. ஆகவே கடனுக்குத் தகுதியான தொழிலாக உங்கள் திட்டத்தை எப்படி நிலைநிறுத்துவது என்பதில்தான் என் பதில்கள் அதிகம் நிற்கும். தொகைகளும் வரம்புகளும் அவ்வப்போது அரசாணைகளால் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் முன் மாவட்டத் தொழில் மையத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ராணிப்பேட்டை): ஐயா, இயந்திரவியல் டிப்ளமோ படித்திருக்கிறேன்; வயது 29; பிற்படுத்தப்பட்ட வகுப்பு. பெல் நிறுவனத்துக்கு வேலை செய்து தரும் பட்டறைகளுக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுக்கும் கடைசல் பட்டறை தொடங்க 40 லட்சம் ரூபாய் ஆகும். நீட்ஸ், யுஒய்இஜிபி, பிஎம்இஜிபி என்று மூன்று திட்டங்களைச் சொல்கிறார்கள். எதற்கு விண்ணப்பிப்பது? ஓர் இயந்திரத்துக்கு முன்பணம் கட்டிவிட்டேன். அதனால் பாதகம் உண்டா?

பதில்: யுஒய்இஜிபி எனப்படும் வேலையற்ற இளைஞர்களுக்கான திட்டம் 15 லட்சம் ரூபாய் வரையிலான தொழில்களுக்கே உரியது என்பதால் அதை விட்டுவிடலாம். மீதமுள்ள இரண்டில் எது நல்லது என்பதை, உங்கள் பட்டறை ஊராட்சி எல்லையில் அமைகிறதா நகராட்சி எல்லையில் அமைகிறதா என்பதே பெரிதும் முடிவு செய்யும்.

நீட்ஸ் மாநில அரசின் திட்டம். பட்டம், டிப்ளமோ, ஐடிஐ படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு, 10 லட்சத்துக்கு மேல் 5 கோடி வரையிலான திட்டங்களில் 25 சதவீத முதலீட்டு மானியம் அதில் உண்டு; உச்சவரம்பு 75 லட்சம். உங்கள் 40 லட்சத்துக்கு 10 லட்சம் வரும். அதோடு, தவணை தவறாமல் கட்டுபவருக்கு வட்டியில் 3 சதவீதத்தை அரசு ஏற்றுக்கொள்கிறது. பிஎம்இஜிபி மத்திய அரசின் திட்டம். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை பொருந்தும். சிறப்புப் பிரிவினருக்கு ஊரகத்தில் 35 சதவீதமும் நகரத்தில் 25 சதவீதமும் மானியம். பிற்படுத்தப்பட்ட வகுப்பினரும் அந்தச் சிறப்புப் பிரிவில் அடங்குவர். எனவே ஊராட்சிப் பகுதியில் பட்டறை அமைத்தால் 14 லட்சம் வரை கிடைக்க வாய்ப்புண்டு. நகராட்சிக்குள் அமைத்தால் 10 லட்சம்தான். நிலத்தின் விலையை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். நகரத்துக்குள் தொழில் தொடங்குவதாக இருந்தால், வட்டி மானியத்தை முன்னிட்டு நீட்ஸைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஒரே தொழிலுக்கு இரண்டு மானியங்களையும் பெற முடியாது.

முன்பணம் கட்டியதுதான் கவலைக்குரியது. இந்தத் திட்டங்கள் புதிய தொழில்களுக்கு உரியவை. கடன் ஒப்புதலுக்கு முந்தைய தேதியிட்ட ரசீது கோப்பில் இருந்தால், தொழில் முன்பே தொடங்கப்பட்டுவிட்டதோ என்ற ஐயம் எழும். அந்தச் செலவைத் திட்ட மதிப்பில் சேர்க்கவும் மாட்டார்கள். விற்பவரிடம் பேசி முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, இப்போதைக்கு விலைப்புள்ளி மட்டும் வாங்கி வையுங்கள். கூடவே, உங்களுக்கு வேலை தர முன்வரும் இரண்டு மூன்று பட்டறைகளிடம் எழுத்துப்பூர்வமான கடிதம் கேளுங்கள். அழகாக அச்சிட்ட திட்ட அறிக்கையைக் காட்டிலும் அந்தக் கடிதங்களுக்கு வங்கி மேலாளர் கூடுதல் மதிப்பு அளிப்பார்.

கேள்வி (ஆம்பூர் அருகே ஒரு கிராமம்): பத்தாம் வகுப்பு வரை படித்த பெண் நான். காலணித் தொழிற்சாலையில் மேல்பாகம் தைக்கும் வேலையில் இருந்தேன். பத்துத் தையல் இயந்திரங்களுடன் சிறு கூடம் அமைக்க 10 லட்சம் ஆகும். மானியம் கையில் கிடைக்குமா? தோல் தொழில் என்பதால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தடுக்குமா?

பதில்: அம்மா, மானியம் கையில் கிடைக்காது. பிஎம்இஜிபி கணக்கை விளக்குகிறேன். ஊரகப் பகுதிப் பெண் என்ற வகையில் உங்கள் சொந்தப் பங்கு 5 சதவீதம், அதாவது 50,000 ரூபாய். வங்கி 9,50,000 ரூபாய் கடன் தரும். அரசு தரும் 3,50,000 ரூபாய் மானியத்தை வங்கி உங்கள் பெயரில் மூன்று ஆண்டுகள் வைப்பாக வைத்திருக்கும். அந்தத் தொகைக்கு வட்டி தரவும் மாட்டார்கள், அதே அளவு கடனுக்கு வட்டி வாங்கவும் மாட்டார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பின் தொழில் நடப்பதை நேரில் பார்த்து உறுதி செய்த பிறகு அது கடனில் கழிக்கப்படும். இடையில் தொழிலை மூடிவிட்டால் மானியம் அரசுக்குத் திரும்பிவிடும். ஆகவே முதல் மூன்று ஆண்டுகளுக்கான மாதத் தவணையைத் தாங்கும் அளவுக்கு வேலை வருமா என்பதைத்தான் முதலில் கணக்கிட வேண்டும். நீங்கள் வேலை பார்த்த தொழிற்சாலையோ அதைப் போன்ற மற்றொன்றோ மாதம் இத்தனை ஜோடி தைக்கக் கொடுப்போம் என்று உறுதி அளித்தால் துணிந்து இறங்குங்கள்.

தையல் வேறு, பதனிடுதல் வேறு. பாலாற்றை நாசமாக்கிய கழிவு, தோல் பதனிடும் ஆலைகளிலிருந்து வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புதான் அந்த ஆலைகளுக்குக் கடும் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. பதனிட்ட தோலை வாங்கி வெட்டித் தைக்கும் கூடத்தில் அத்தகைய கழிவுநீர் இல்லை. எனினும் உங்கள் தொழில் எந்த வகைப்பாட்டில் வருகிறது என்பதை வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டு, அந்தத் தாளைக் கோப்பில் வைத்துவிடுங்கள். பாலாற்றங்கரையில் வாழும் நம் எல்லோருக்கும் அந்தக் கேள்வி அவசியமானது.

கேள்வி (வாணியம்பாடி): விண்ணப்பிக்க நான் வேலூர் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போக வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூர் மாவட்டத்திலும், ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், சோளிங்கர் ஆகியவை ராணிப்பேட்டை மாவட்டத்திலும் உள்ளன. காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு ஆகிய ஊர்க்காரர்கள் வேலூருக்கு வர வேண்டும்.

கேள்வி (குடியாத்தம்): லுங்கி நெசவுக்கு 8 லட்சம் கடன் கேட்டேன். வீட்டுப் பத்திரம் இல்லாமல் தர முடியாது என்று வங்கியில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். என்ன செய்வது?

பதில்: குறு, சிறு நிறுவனங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். அதற்கு மேற்பட்ட கடனுக்கும், 2000-ஆம் ஆண்டு முதல் இயங்கும் சிறுதொழில் கடன் உத்தரவாத நிதி வங்கிக்குப் பாதுகாப்புத் தருகிறது. அதற்குக் கட்டணம் உண்டு. மறுப்பை வாய்மொழியாக ஏற்றுக்கொள்ளாதீர்கள்; காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்ட பிறகு கோப்பை மறுபடியும் எடுத்துப் பார்த்த கிளைகள் உண்டு. அதற்கும் பயன் இல்லையென்றால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் மனு கொடுங்கள். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம்.

அதே வேளையில், மறுப்புக்கு வேறு காரணம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நகைக்கடனிலோ கைப்பேசித் தவணையிலோ பாக்கி இருந்தால் கடன் மதிப்பெண் குறைந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் எத்தனை மனு கொடுத்தாலும் காரியம் நகராது.

கேள்வி (கரிகிரி): எங்கள் குடும்பம் மண்பாண்டம் செய்கிறது. எனக்கு 42 வயது. படிப்பு இல்லை. எங்களுக்கு ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. கலைஞர் கைவினைத் திட்டம் 25 வகைக் கைத்தொழில்களுக்கானது; மண்பாண்டம் அதில் சேரும். 35 வயது நிறைந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும், 5 சதவீத வட்டி மானியமும் தருகிறார்கள். மானியம் 50,000-த்தோடு நின்றுவிடுவதால், தேவை இல்லாமல் 2 லட்சத்துக்கு மேல் கடன் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. மின்சாரத்தில் சுழலும் சக்கரத்துக்கும், விறகைச் சிக்கனமாக எரிக்கும் சூளைக்கும் செலவிட்டால் போட்ட பணம் திரும்பி வரும். ஏரி, கண்மாய்களிலிருந்து களிமண் எடுக்க மண்பாண்டத் தொழிலாளர்கள் வட்டாட்சியர் நிலையிலேயே அனுமதி பெறும் வகையில் நடைமுறை எளிதாக்கப்பட்டுள்ளது. அதற்கும் சேர்த்து இப்போதே விண்ணப்பியுங்கள். மண் கிடைக்காமல் நின்றுபோன சூளைகளைப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது. கடனைவிட மண் முக்கியம்.

கேள்வி (அரக்கோணம்): ஆதிதிராவிடர் வகுப்பைச் சேர்ந்தவன். பட்டம் இல்லை. நீட்ஸ் கிடைக்காது என்கிறார்கள்.

பதில்: உங்களுக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இருக்கிறது. கல்வித் தகுதி தேவையில்லை. 35 சதவீத மானியம், உச்சவரம்பு ஒன்றரைக் கோடி. 6 சதவீத வட்டி மானியம். ஏற்கெனவே நடக்கும் தொழிலை விரிவாக்கவும் பொருந்தும்.

கேள்வி (வேலூர்): கோட்டை அருகே எங்களுக்குப் பழைய வீடு இருக்கிறது. இடித்துவிட்டு நான்கு மாடி விடுதி கட்டினால் சுற்றுலா வளர்ச்சிக்கான உதவி கிடைக்குமா?

பதில்: உதவியைப் பற்றிப் பேசும் முன் தூரத்தை அளக்க வேண்டும். வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னம். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டடம் கட்டத் தடை; உரிய அனுமதியோடு பழுதுபார்க்க மட்டும் இடம் உண்டு. அடுத்த 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே கட்டவும் தனி அனுமதி வேண்டும். இது தெரியாமல் இடித்தவர் பழைய வீட்டையும் இழந்து புதியதையும் கட்ட முடியாமல் நிற்க நேரும். உங்கள் வீடு 100 மீட்டருக்குள் இருந்தால், அதை இடிக்காமல் செப்பனிட்டு, பழைய தோற்றத்தோடு சில அறைகளை வாடகைக்கு விடுவதே சரியான வழி. 1806 ஜூலை 10-இல் சிப்பாய்கள் எழுந்து நின்ற கோட்டையைப் பார்க்க வருபவருக்கு அத்தகைய வீடு ஒரு கண்ணாடிக் கட்டடத்தைவிடப் பிடிக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி (ஏலகிரி): வீட்டில் மூன்று அறைகள் காலியாக உள்ளன. வீட்டுத் தங்கலாக நடத்தலாமா?

பதில்: தாராளமாக நடத்தலாம். உரிமையாளர் குடியிருக்கும் வீட்டில் ஆறு அறைகள் வரை வாடகைக்கு விட மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் வீட்டுத் தங்கல் அங்கீகாரம் உண்டு. தங்கம், வெள்ளி என்று இரண்டு தரங்கள். வீட்டுத் தங்கலுக்கு முத்ரா கடன் தரப்படும் என்று 2025-ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். குளியலறை, மெத்தை, வெந்நீர் ஆகியவற்றுக்கான சிறு கடனோடு தொடங்குங்கள். மலையில் புதிதாகக் கட்டும் அனுமதிக்கு இப்போது போக வேண்டாம்.

நம் பகுதிக்கு வருகிறவர்களில் பலர் ஸ்ரீபுரத்தையோ சோளிங்கரையோ தரிசித்துவிட்டு அன்றே திருப்பதிக்கோ திருவண்ணாமலைக்கோ போய்விடுகிறார்கள். அவர்கள் ஓர் இரவாவது இங்கே தங்கினால்தான் உணவகத்துக்கும் வாடகை வண்டிக்கும் ஆற்காட்டு மக்கன் பேடாக் கடைக்கும் வருமானம். ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் ஊர், இருண்ட வானத்தையே காட்டி விருந்தினரை வரவழைக்கலாம். இந்த வாய்ப்பை நம் மாவட்டங்கள் இன்னும் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது என் ஆதங்கம்.

கேள்வி (வேலூர்): சிஎம்சிக்கு வரும் நோயாளிகளுக்கு மாத வாடகைக்கு அறை விடுகிறேன். வங்கதேசத்திலிருந்தும் வருகிறார்கள். ஏதாவது பதிவு தேவையா?

பதில்: வெளிநாட்டவர் தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய விவரப் படிவத்தை (முன்பு சி படிவம் எனப்பட்டது) இணையம் வழியாகக் குடியேற்ற அதிகாரிகளுக்கு அளிப்பது கட்டாயம், வீட்டில் ஓர் அறை விட்டாலும் பொருந்தும். உங்கள் தொழிலுக்குக் கடனோ அங்கீகாரமோ கேட்கும் நாளில் இந்தப் பதிவுகள் ஒழுங்காக இருப்பது உதவும்.

கேள்வி (மேல்விஷாரம்): குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு 2,500 ரூபாய் கேட்கிறார்கள்.

பதில்: கொடுக்காதீர்கள். அரசு இணையதளத்தில் ஆதார் எண்ணைக் கொண்டு இலவசமாகப் பதியலாம்.

கேள்வி (ராணிப்பேட்டை சிப்காட்): ஒரு பெரிய நிறுவனத்துக்குக் கூலி வேலை செய்து தருகிறேன். ஏழு மாதப் பாக்கி நிற்கிறது. புதிய மானியம் எதுவும் வேண்டாம், என் பணம் வந்தால் போதும்.

பதில்: உங்கள் நிலையில் இருப்பவர்கள் நம் பகுதியில் ஏராளம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தந்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்கள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாக ஏறும். குறு, சிறு நிறுவனங்கள் தாமதமான நிலுவைகளுக்கான 'சமாதான்' என்ற அரசு இணையதளம் வழியாக, இத்தகைய வழக்குகளைத் தீர்க்கும் வசதி மன்றத்தில் முறையிடலாம். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமானால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். இந்தப் பாதுகாப்பு உற்பத்திக்கும் சேவைக்கும்தான். வெறும் வாங்கி விற்கும் வியாபாரத்துக்கு இல்லை. உத்யம் பதிவுக்கு முந்தைய வேலைகளுக்கு இதைக் கோருவது வழக்கில் சிக்கும் என்பதால், பதிவுத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முறையீடு செய்தால் வேலை நின்றுவிடும் என்ற உங்கள் அச்சம் நியாயமானது. அதனால் முதலில் அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால் வருமான வரிச் சட்டத்தில் சேர்ந்த விதிப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குக் காலத்தில் தராத தொகையை வாங்கியவர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்டி வரி விலக்குப் பெற முடியாது. மார்ச் மாதக் கணக்கு முடிப்புக்கு முன் உங்கள் உத்யம் சான்றின் நகலோடும் நிலுவைப் பட்டியலோடும் அந்தக் கடிதம் அவர்கள் மேசைக்குப் போகட்டும். பதில் வராவிட்டால் சமாதானில் பதிந்துவிடுங்கள். விலைப்பட்டியல், வேலை ஆணை, சரக்கு பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் ஆகிய மூன்றும் ஒவ்வொரு நிலுவைக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். கையொப்பம் இல்லாதவற்றுக்கு இந்த வாரமே வாங்கி வையுங்கள்.