டல்லாஸ் போயிட்டா நியூயார்க் வரி விட்டுடுமா?

கேள்வி: எச்1பி விசால நியூயார்க் சிட்டி கம்பெனி ஒண்ணுல வேலை பாக்குறேன், நியூஜெர்சி எடிசன்ல வாடகை வீடு. மேனேஜர் முழு ரிமோட்டுக்கு ஓகே சொல்லிட்டாரு. டெக்சாஸ்ல ஸ்டேட் இன்கம் டாக்ஸே கிடையாதாமே, டல்லாஸ்ல வீடு வாங்கிட்டு போயிடலாமா சார்?

பதில்: வீடு பாக்கறதுக்கு முன்னாடி உங்க பே ஸ்லிப்ப எடுத்து வெச்சு பாருங்க. ஸ்டேட் டாக்ஸ் பிடிக்கிற லைன்ல நியூயார்க்னு தானே இருக்கு? நீங்க டல்லாஸ் போனப்புறமும் அது அப்படியே தான் இருக்கும், இத யாரும் முன்கூட்டி சொல்றதில்லங்கறது தான் எனக்கு வருத்தம். ஆபீஸ் நியூயார்க்ல இருக்க, நீங்க உங்க வசதிக்காக வேற ஸ்டேட்ல வீட்ல உக்காந்து வேலை பாத்தா அந்த நாளையும் நியூயார்க்ல வேலை பாத்த நாளா தான் நியூயார்க் வரி டிபார்ட்மெண்ட் கணக்கு வெக்கும். கனெக்டிகட்ல வீட்ல இருந்து வேலை பாத்த செலின்ஸ்கின்னு ஒரு சட்டப் பேராசிரியரே இத எதுத்து கேஸ் போட்டு, 2003ல நியூயார்க் ஸ்டேட்டோட உச்ச கோர்ட்ல தோத்துட்டாரு.

இப்ப நியூயார்க்குக்கு கட்டறத நியூஜெர்சி வரில கழிச்சுக்கறீங்க. டெக்சாஸ்ல கழிக்க வரியே இல்ல, அதனால சம்பளத்துல மிச்சம்னு பெருசா எதுவும் நிக்காது.

கம்பெனிக்கு டல்லாஸ்ல ஆபீஸ் இருக்கான்னு கேளுங்க. இருந்தா உங்க வேலை இடம் அதுதான்னு எச்ஆர் கிட்ட எழுத்துல வாங்கிட்டு நிஜமாவே அங்க போய் வேலை பாருங்க, மேனேஜர் வாயால சொன்ன ஓகே ஆடிட்ல நிக்காது. இல்லன்னா டெக்சாஸ் கம்பெனிக்கே மாறுறது தான் சுத்தமான வழி.

வீட்டு வரியையும் பாத்துக்குங்க. 4,50,000 டாலர் வீட்டுக்கு 2 சதவீதம்னு வெச்சா வருஷம் 9,000 டாலர், பில் வந்தா ஜனவரி 31க்குள்ள கட்டணும். குடியிருக்கற வீடுன்னு ஹோம்ஸ்டெட் எக்ஸம்ப்ஷனுக்கு அப்ளை பண்ணா கொஞ்சம் குறையும், நிறைய பேர் மறந்துடறாங்க. சேல்ஸ் டாக்ஸும் அங்க 8.25 சதவீதம், நியூஜெர்சில 6.625 தான்.

வரிய விட எனக்கு பயம் உங்க விசா மேல. எடிசன்ல இருந்து டல்லாஸ்னா வேலை இடமே மாறுது, 2015ல வந்த சிமியோ தீர்ப்புப்படி கம்பெனி முதல்ல அமெண்டட் பெட்டிஷன், அதாவது திருத்தின எச்1பி மனு போடணும். அது ஃபைல் ஆகற வரைக்கும் டல்லாஸ்ல உக்காந்து வேலைக்கு லாகின் பண்ணாதீங்க.