சனியின் வளையம் கோடாகத் தெரிவது ஏன்?

கேள்வி: 70 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவியத்தூரமும் கொண்ட வில்லைத் தொலைநோக்கி ஒன்றை வாங்கி, 2025 நவம்பரில் சனியைப் பார்த்தேன். உருண்டையின் குறுக்கே ஒரு மெல்லிய கோடுதான் தெரிந்தது. கருவியில் குறையா? பெரிய தொலைநோக்கி வாங்கினால் மற்ற கோள்களின் வளையங்களும் தெரியுமா?

பதில்: கருவியில் குறை எதுவும் இல்லை, நீங்கள் பார்த்த காலம் அப்படி. சனியின் முக்கிய வளையங்கள் ஏறத்தாழ 2,70,000 கி.மீ. விட்டத்துக்குப் பரந்திருந்தாலும், அவற்றின் தடிமன் பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டருக்கு மேல் இல்லை. கண்மட்டத்தில் கிடையாகப் பிடித்த தாம்பாளத்தின் விளிம்பு மட்டும் தெரிவதைப் போல, வளையத் தளம் பூமிக்கு நேராக வரும்போது அது ஏறக்குறைய மறைந்தே போகிறது. சனி சூரியனைச் சுற்ற எடுத்துக்கொள்ளும் சுமார் 29.5 ஆண்டுகளில் இரண்டு காலகட்டங்களில் இது நிகழும். அண்மையில் 2025 மார்ச் 23 அன்று பூமி அந்தத் தளத்தைக் கடந்தது. அதன்பின் நம் பார்வைக்குச் சற்றே விரிந்த வளையத்தின் சாய்வு நவம்பரில் மீண்டும் அரை பாகை அளவுக்குக் குறுகியது. 1610-இல் சனியின் இருபுறமும் துணை உருண்டைகளைக் கண்டதாக எண்ணிய கலிலியோவும், 1612-இல் அவை காணாமற்போனதும் உங்களைப் போலவே குழம்பினார். அவை உண்மையில் வளையம் என்பதை 1659-இல் டச்சு வானியலாளர் ஹைகன்ஸ் விளக்கினார்.

இனி வளையம் ஆண்டுக்கு ஆண்டு விரியும். 2032 வாக்கில் சாய்வு சுமார் 27 பாகையை எட்டும். 10 மி.மீ. குவியத்தூரக் கண்ணருகு வில்லையைப் பொருத்தினால் 70 மடங்கு (700 ÷ 10) உருப்பெருக்கம் கிடைக்கும். அதில் சனியின் உருண்டை, வெறுங்கண்ணுக்குத் தெரியும் முழுநிலவைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும். ஆனால் பழகாத கண்ணுக்கு அது இன்னும் சிறிதாகத்தான் தோன்றும். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெரிய எண்களை நம்ப வேண்டாம். உங்கள் கருவிக்கு 140 மடங்குதான் எல்லை, அதைத் தாண்டினால் மங்கல்தான் பெரிதாகும். சனி அடிவானத்திலிருந்து நன்கு உயர்ந்தபின், காற்று அடங்கிய இரவில் பாருங்கள். வளையம் நன்றாக விரிந்த ஆண்டுகளில், வெளிவளையத்தைப் பிரிக்கும் கருங்கோடான காசினி இடைவெளிகூட இதே கருவியில் பிடிபடலாம். வளையம் குறுகியிருக்கும் காலத்திலும் சனியின் மிகப்பெரிய நிலவான டைட்டனைத் தேடலாம். ஏறத்தாழ 16 நாளில் ஒரு சுற்று முடிக்கும் அது, வளைய விட்டத்தைப்போல் நான்கு மடங்குக்கும் சற்று அதிகமான தொலைவுவரை விலகி, ஒரு மங்கலான விண்மீன் போலத் தெரியும்.

வியாழன், யுரேனஸ், நெப்டியூன் ஆகியவற்றுக்கும் வளையங்கள் உண்டு. ஆனால் அவை வீட்டில் வைத்திருக்கும் எந்தத் தொலைநோக்கியிலும் கண்ணுக்குத் தெரியா. யுரேனஸின் வளையங்களே நேரடியாகப் பார்த்துக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல: 1977 மார்ச் 10 அன்று அக்கோள் ஒரு விண்மீனை மறைப்பதற்கு முன்னும் பின்னும் விண்மீனின் ஒளி சில கணங்கள் குறைந்ததைக் கொண்டே அவை அறியப்பட்டன. அந்த மறைப்பைத் தமிழ்நாட்டின் காவலூர் ஆய்வகத்திலிருந்தும் அளந்தார்கள். எனவே வளையங்களுக்காகப் பெரிய கருவி வாங்குவது வீண்செலவு. அதற்குப் பதிலாக வியாழனைப் பாருங்கள். 25 மி.மீ. கண்ணருகு வில்லையிலேயே அதன் நான்கு பெரிய நிலவுகள் வரிசையாகத் தெரியும், அவற்றுள் ஒன்றான அயோ 1.77 நாளில் சுற்றிவிடுவதால், சில மணி நேரம் கழித்துப் பார்த்தாலே அது இடம் மாறியிருப்பது தெரியும்.