ஈரம்னு சொல்லுங்க

அன்புள்ள ஐயா,
நுகர்வோருக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். 'சப்ஸ்டாண்டர்ட்' என்று வருகிற இடத்திலெல்லாம் 'தரமற்ற' என்று போட்டிருந்தேன். சரிபார்ப்பவர் 'தரக்குறைவான' என்று மாற்றிவிட்டார். என் அம்மாவோ, "மட்டமானன்னு எழுதிட்டுப் போயேன்" என்கிறார். எது சரி?
எஸ்., நீடாமங்கலம்

அன்புள்ள எஸ்.,

அம்மாவின் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. மேட்டூர் நீர்மட்டம் 120 அடி என்றால் துள்ளுகிற நம் ஊரில், அதே மட்டம் அரிசிக்கு வந்ததும் எப்படி இழிவானது என்பது தனிக்கதை. கையேட்டுக்கு ஆகாது. சரிபார்ப்பவரையும் விடுங்கள். 'தரக்குறைவு' இப்போது மேடை வசவுக்கென்றே ஆகிவிட்டது. 'தரக்குறைவான சிமெண்ட்' என்று படித்தால், சிமெண்ட் யாரையோ திட்டிவிட்டதோ என்று தோன்றுகிறது.

என் கோபமெல்லாம் உங்கள் 'தரமற்ற' மேல்தான். அற்றது என்றால் அறவே இல்லாதது. விரற்கடை குறைந்ததையும் ஒன்றுக்கும் உதவாததையும் ஒரே சாக்கில் போட்டுத் தைத்துவிடுகிற சொல் அது. நீடாமங்கலத்தில் உட்கார்ந்துகொண்டு இதை என்னிடம் கேட்கிறீர்களே! நெல் தூற்றும்போது களத்தில் நின்றிருக்கிறீர்களா? காற்றோடு பறப்பது பதர், உள்ளே ஒன்றுமே கிடையாது. வெட்டிப்பேச்சுக்காரனை வள்ளுவர் 'மக்கட் பதடி', அதாவது மனிதப் பதர், என்றது அதனால்தான். கருக்காய் வேறு. பால் பிடித்துப் பாதியில் நின்றுபோன மணி, கோழிக்காவது ஆகும். தண்ணீரில்லாமல் கதிரே காய்ந்துபோனால் சாவி. எங்கே, எப்போது, எவ்வளவு கெட்டது என்பது சொல்லிலேயே இருக்கிறது.

ஒரு குறுவைப் பருவத்துக்கு ஏடிடி 43 ரக நெல் போட்டிருந்தோம். அறுத்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. குறுவை அறுப்பும் வடகிழக்குப் பருவமழையும் முட்டிக்கொள்வது டெல்டாவில் புதிதா என்ன? தார்ச்சாலையில் கொட்டி மூன்று நாள் காயவைத்து, கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிப்போனோம். ஈரப்பதம் 17 சதவீதம் வரை எடுப்பார்கள். கருவி 19 காட்டியது. "தரமில்ல, எடுத்துட்டுப் போங்க" என்றார் அங்கிருந்தவர்.

அப்பா அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "ஈரம்னு சொல்லுங்க தம்பி, காயவெச்சுக் கொண்டாரேன். தரமில்லன்னு எப்படிச் சொல்லுவீங்க?" ஒரு பிடி நெல்லை அள்ளி மேசையில் போட்டு, "கருக்கா எத்தனை இருக்கு, எண்ணுங்க" என்று நின்றுவிட்டார். நிலையத்துக்காரர் எண்ணவில்லை. பாவம், பின்னால் இருபது வண்டி நின்றது.

இத்தனைக்கும் கொள்முதல் விதியில் எல்லாம் பிரித்துத்தான் எழுதியிருக்கிறது. கல் மண்ணுக்கு 1 சதவீதம், முதிராத சுருங்கிய மணிக்கு 3, ஈரத்துக்குத் தனி அளவு. வாய்க்கு வரும்போதுதான் எல்லாம் சேர்ந்து ஒரே 'தரமில்ல' ஆகிவிடுகிறது. இப்போது அதையே நீங்கள் அச்சிலும் ஏற்றப் பார்க்கிறீர்கள்.

சரி, கையேட்டுக்கு வருகிறேன். எடை குறைவா, கலப்படமா, நாள்பட்டதா, மூலத்தில் பாருங்கள். தெரிந்தால் அதை எழுதுங்கள். தெரியாத இடத்தில் மட்டும் 'தரம் குறைந்த' போதும்.

அந்த நெல்லை இரண்டு நாள் கழித்து எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள் திரும்பும்போது, மேசையில் போட்ட ஒரு பிடியை அப்பா ஒரு மணி விடாமல் துண்டில் கூட்டி அள்ளி முடிந்துகொண்டார்.