வயதில் மூத்த தொழிலாளர்களுக்கு மரியாதை கொடுத்தால் போதாதா, பணியிடம் வேறு என்னதான் செய்ய வேண்டும்?

போதாது என்பதே என் பதில். கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் 19 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன், இப்போது மேற்பார்வையாளர்.

எங்கள் பிரிவில் ஒரு மூத்த டர்னர், அதாவது லேத் மிஷினில் இரும்பைக் கடைபவர், இருந்தார். ஆயுத பூஜைக்கு முதல் தேங்காயை அவர்தான் உடைப்பார்; எல்லோருக்கும் அவர் அண்ணன். ஆனால் பம்பின் சுழல்தண்டான ஷாஃப்டை அளக்கும்போது மட்டும், நுண்ணிய கோடுகளைப் பார்த்து அளவு சொல்லும் வெர்னியர் கருவியைப் பக்கத்தில் நிற்கும் அப்ரண்டிஸ் பையனிடம் நீட்டி, "எவ்வளவுன்னு பாரு கண்ணு" என்பார். பையனுக்குத் தொழில் பழக்குகிறார் என்றே நாங்கள் பல மாதம் நினைத்திருந்தோம். ஒருநாள் அளவு தவறி ஒரு தட்டு ஷாஃப்ட் முழுவதும் கழிவாகப் போன பிறகுதான், "கண்ணாடி போட்டாலும் கோடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குதுங்க தம்பி" என்று தனியாக வந்து சொன்னார். தெரிந்தால் லேத்திலிருந்து எடுத்து கேட்டில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று அஞ்சியிருக்கிறார். டிஜிட்டல் வெர்னியர் ஒன்றும் மிஷினுக்கு மேலே ஒரு விளக்கும் வந்ததும் அளவுப் பிரச்சினை தீர்ந்தது. அச்சம் தீரத்தான் நாளாயிற்று.

ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் நகரிலுள்ள பி.எம்.டபிள்யூ ஆலை 2007-இல் இதைத் திட்டமிட்டே செய்தது. பத்தாண்டு கழித்துத் தொழிலாளரின் சராசரி வயது 47 ஆகிவிடும் என்று கணக்கிட்டு, 42 பேர் கொண்ட ஒரு உற்பத்தி லைனில் அன்றே அந்தச் சராசரி வரும்படி ஆட்களை அமர்த்தினார்கள். "பென்ஷன்காரர் லைன்" என்ற பெயர் விழுந்ததால் அங்கே போகத் தயங்கியவர்கள் உண்டு. அதே மாதிரித் தயக்கத்தை எங்கள் டர்னரிடம் நான் நேரில் பார்த்திருக்கிறேன். என்ன வேண்டும் என்று தொழிலாளரையே கேட்டு, கால்மூட்டுக்கு இதமான மரத்தரை, உட்கார்ந்து வேலை செய்ய நாற்காலி, பூதக்கண்ணாடி, திரையில் பெரிய எழுத்து, உடம்பின் ஒரே பக்கம் தேயாமலிருக்க ஷிஃப்டுக்குள்ளேயே வேலை மாற்றம் என ஏறத்தாழ 70 சிறு மாற்றங்களைச் செய்தார்கள். ஓராண்டில் உற்பத்தித்திறன் 7 சதவீதம் உயர்ந்தது.

நாற்காலியைவிட அந்தக் கேட்டல்தான் பெரிது என்பது என் எண்ணம். கைத்திறன் முற்றிய ஒருவரை "லைட் வேலை" என்று ஸ்டோருக்கு அனுப்புவதை நான் மரியாதையாகக் கருதவில்லை. எங்கள் பிரிவில் இப்போது ஆண்டுக்கொரு முறை, 45 வயதைக் கடந்த ஒவ்வொருவரிடமும், அலுவலக அறைக்கு அழைக்காமல் அவரவர் மிஷின் பக்கத்திலேயே நின்று, எது சிரமமாக இருக்கிறது என்று கேட்கிறோம். முதல் ஆண்டு மூன்று பேர்தான் வாய் திறந்தார்கள். சென்ற முறை, கனமான வார்ப்புகளைத் தூக்கும் ஹாய்ஸ்ட்டின் கொக்கி கைக்கு எட்டவில்லை என்று ஒருவர் சொல்ல, அதே குறையை 26 வயதுப் பையனும் சொன்னான்.